பனிக்குப் போர்வை

மியூனிக்கிலிருந்து மலை ரயிலேறி வந்த அசதி இன்னும் உடம்பில் இருக்கிறது. மே மாத வெயில். இந்த ஆல்ப்ஸ் உச்சியில், கோடையில் கரைந்துவிடாமல் பனிக்கு வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள். பனி நின்றால்தான் சறுக்க ஆள் வரும். ஆள் வந்தால்தான் கீழேயுள்ள ஊருக்குப் பிழைப்பு.

நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டு, துணி விரிக்கிறவர்களில் ஒருவர் நிமிர்கிறார். மன்னார்க்காரர், சேவியர் அண்ணை. இங்கே பதினைந்து வருட வேலை.

“மூடினால் உருகாதோ, அண்ணை?”

“உருகும் தம்பி. என்ன, கொஞ்சம் வெக்கப்பட்டு உருகும்.”

இப்படி ஒரு வார்த்தைக்காகவே ஊர் ஊராக அலையலாம். ஆனால் அவர் சிரிக்கவில்லை. பனி முடிந்து கல் தொடங்கும் இடத்தில் இரண்டு சுருள் துணி மிஞ்சிக் கிடக்கிறது. போன வருடம் இதே துணி போதவில்லையாம்.

“மிச்சம் எண்டு கீழ கொண்டுபோனால், வாற வருசம் துணியையும் குறைப்பாங்கள், ஆளையும் குறைப்பாங்கள். வயசுபோன ஆள் நான்தானே.”

கூட வேலை செய்யும் ஜெர்மன்காரர் ஒரு சுருளைப் பிரிக்கிறார். இருவரும் அதை வெறும் கல்லின்மேல் விரிக்கிறார்கள்.

“அந்தத் தொங்கலைப் பிடியுங்கோ தம்பி, காத்து இழுக்குது.”

குனிந்து பிடிக்கிறேன். துணிக்கு அடியில் கல் சுடுகிறது.