கண்ணாடியின் வலப்பக்கம்

பனியக்கா பதில் சொல்ல ஒரு மூச்சு நேரம் ஆகும். யார் கேட்டாலும், என்ன கேட்டாலும் அப்படித்தான். மேலுதட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, மூச்சை நெஞ்சிலேயே நிறுத்தி, எதிரில் இருக்கும் ஏதோ ஒரு புள்ளியில் பார்வையை வைத்து, அப்புறம்தான் "ம், சொல்லுங்க" என்பார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு, கோபமோ என்று தோன்றும். வீட்டுக்காரர் மின்வேலை பார்ப்பவர். இருபத்தெட்டு வருடமாகப் பழகிவிட்டவர். "எங்க வீட்ல சுவிட்சப் போட்டா, எரியலாமா வேணாமான்னு லைட்டு ஒரு தடவை யோசிச்சுட்டுத்தான் எரியும்" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

பழக்கம் வேலையிலிருந்து ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஒன்பது படி இறங்கினால் வரும் ஆய்வுக்கூடத்தில் ஐஸ்பெட்டி மாதிரி ஓர் இயந்திரம் இருக்கிறது. கண்ணாடி மூடியைத் தள்ளினால் உள்ளே மைனஸ் இருபது டிகிரி குளிர். அந்தக் குளிருக்குள் ஒரு கத்தி. உறைந்த தசையை அதில் சீவினால், தலைமுடியை ஏழாகப் பிளந்த கனத்தில் ஓர் ஏடு வரும். அதைக் கண்ணாடித் துண்டில் ஏந்துகிற நொடியில் மூச்சு விட்டால் போயிற்று. ஏடு பறக்கும், இல்லையென்றால் சுருளும். நாளைக்கு ஐம்பது தடவை மூச்சை அடக்குகிறவர் வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டவா முடியும்? பனியக்கா என்ற பெயரும் அந்தப் பெட்டி கொடுத்ததுதான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

இன்னொரு பிடிவாதமும் அவருக்கு உண்டு. ஒவ்வொரு கண்ணாடித் துண்டிலும் இடப்பக்கம் நோயாளியின் தசை, வலப்பக்கம் நோயில்லாத ஒருவரின் தசை. சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, நல்ல தசை எல்லா ஆய்வுக்கூடத்திலும் இருக்கும். ஆனால் மற்றவர்கள் அதைத் தனிக் கண்ணாடியில் வைத்துவிடுவார்கள். அதில் வேலை பாதிதான். முன்பிருந்த தலைமை டாக்டர்கூட, "தனியா வச்சாப் போதாதா, நேரம் மிச்சமாகுமே" என்று கேட்டுப் பார்த்தார்.

ஒரு மூச்சு நேரம் கழித்து அக்கா சொன்னார்: "ரெண்டும் ஒரே தண்ணியில குளிச்சாத்தான் சார் யாரு அழுக்குன்னு தெரியும்."



தபால்காரப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அக்காவுக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. பெண்ணுக்கு இருபத்துநான்கு வயது. பையைத் தோளில் மாட்டி நான்கு தெரு நடப்பாள். ஐந்தாவது தெருவில் கால் இரும்பாகிவிடும். மாடிப்படி இருக்கும் வீடுகளுக்குத் தபால் மறுநாள்தான் போகும். இமைகள் பாதி கண்ணை மூடியே இருக்கும். அலுவலகத்தில் அவளுக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வைத்தாயிற்று. வீட்டிலும் சாதகமான காற்று இல்லை. அப்பா தையல்காரர். பதினான்கு மணி நேரம் மெஷினை மிதிப்பவர். உட்கார்ந்து எழுந்திருக்க அலுத்துக்கொள்கிற பிள்ளையைப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முந்தைய வருடம் வேறோர் ஆஸ்பத்திரியில் தொடையில் கீறி, தசை எடுத்துப் பார்த்தார்கள். முடிவு 'நார்மல்' என்று வந்தது. அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அப்பா அவளை ஒரு வருடம் எழுப்பினார். "டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு. எந்திரி." தபால் துறையோ, ஒன்றுமில்லாதவளுக்கு மேசை வேலை கேட்க என்ன காரணம் என்று கடிதம் போட்டது.

அந்தப் பழைய காகிதத்தைப் பார்த்ததுமே பனியக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அங்கே தசையை மற்ற சதையைப் போலவே ஃபார்மலினில் போட்டிருந்தார்கள். ஃபார்மலின் சதையின் உருவத்தைக் காப்பாற்றும், உள்ளே நடக்கிற வேலையைக் கொன்றுவிடும். மைட்டோகாண்ட்ரியா நோய் என்றால், செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் இடத்தில் பழுது. அங்கே வேலை நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால், தசை ஃபார்மலினைத் தொடாமல் உடனே உறைய வேண்டும்.

"இன்னொரு தடவை கீறலாம்" என்று புதிதாக வந்திருந்த சின்ன டாக்டர் சொன்னபோது, பெண் தன் தொடைத் தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "இதோட போதும் டாக்டர். இதுலயும் ஒண்ணும் இல்லன்னா நான் சோம்பேறின்னே இருந்துட்டுப் போறேன். மூணாவது கிடையாது."

அதனால் அன்றைக்கு அக்கா தசை கீழே வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அறுவை அறை வாசலில் போய் நின்றார். உள்ளே இருந்த நர்ஸ் நல்ல மனசோடு, காய்ந்துவிடக் கூடாதே என்று தசையைச் சுற்றும் துணியை உப்புநீரில் முக்கி, சொட்டச் சொட்ட எடுத்து வந்தாள்.

"பிழிஞ்சு குடும்மா."

"காயாதாக்கா?"

"தண்ணி இருந்தா உறையும்போது ஐஸ் கட்டி, சல்லடையாத் துளைச்சுடும். அப்புறம் நோயப் பாக்கறதா, ஓட்டையப் பாக்கறதா?"

பட்டாணி அளவு தசை. படியில் ஓடாமல், ஆனால் ஓடுவதை விட வேகமாக அக்கா இறங்கினார். திரவ நைட்ரஜனுக்குள் தொங்கவிட்ட சின்னக் குவளை. குவளைக்குள் ஐசோபென்டேன் என்கிற திரவம். அதன் அடியில் வெள்ளை மணிகள் கட்டத் தொடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். முந்தினாலும் கெடும், பிந்தினாலும் கெடும். மணி கட்டியது. முக்கினார். பதினைந்து எண்ணி எடுத்தார்.

மறுநாள் சாயமிட்ட கண்ணாடிகள் சின்ன டாக்டரின் மைக்ராஸ்கோப் மேசைக்குப் போயின. முதல் கண்ணாடியில் சில இழைகளின் ஓரம் கிழிந்தாற்போல் சிவப்பாய்த் திரண்டிருந்தது. சந்தேகத்துக்கு அது போதும், தீர்ப்புக்குப் போதாது. தீர்ப்பு சொல்லும் சாயம் இரண்டாவது. சக்தி தயாரிப்பின் ஒரு முக்கியப் படி ஒழுங்காக நடக்கும் இழை அதில் பழுப்பாகும். நடக்காத இழை நீலமாக நிற்கும். வயதானவர்களிடம் ஒன்றிரண்டு நீலம் இருந்தால் யாரும் பெரிதாக நினைக்க மாட்டார்கள். இந்தப் பெண்ணிடம் அங்கொன்று இங்கொன்றாகத்தான் பழுப்பு. மீதியெல்லாம் நீலம்.

சின்ன டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இவ்வளவு நீலமா? பழுப்புச் சாயம் பழசாயிருக்கும்க்கா. இன்னொரு தடவை போட்டுடுங்க."

தசையில் மிச்சம் இருந்தது ஒரு பருப்பளவு. அது மரபணுச் சோதனைக்குப் போக வேண்டியது. ரத்தத்தில் தெரியாத மாற்றம் சில சமயம் தசையில்தான் தெரியும். அதையும் சீவித் தீர்த்துவிட்டால், மூன்றாவது கீறல். அது கிடையாது என்று அவள் சொல்லியாயிற்று.

அக்கா மூச்சை நிறுத்தினார். வழக்கத்தை விடச் சற்று நீளமான மூச்சு.

"டாக்டர், கண்ணாடிய நகர்த்தி வலது பக்கத்தப் பாருங்க."

நகர்த்தினார். வலப்பக்கத்துத் தசை, ஓரிழை மிச்சமில்லாமல், சுட்ட செங்கல் போலப் பழுப்பாக இருந்தது. அதே சாயம், அதே தொட்டி, அதே நிமிடம். சின்ன டாக்டர் இடம் போனார், வலம் வந்தார், மறுபடி இடம் போனார். கண்ணை எடுத்தபோது முகம் மாறியிருந்தது.

"சாயத்துல தப்பில்ல."

"இல்ல டாக்டர்."

"யாரோட தசை இது? இவ்வளவு சுத்தமா இருக்கே."

"நல்ல தசைதான் டாக்டர். முப்பத்தாறு வயசுல எடுத்தது." அதற்கு மேல் அக்கா சொல்லவில்லை. பதிவேட்டிலும் வெறும் எண்தான் இருந்தது.

முடிவைச் சொல்லும் நாளில் சின்ன டாக்டர் அக்காவையும் கூப்பிட்டுக்கொண்டார். அவருக்குக் கண்ணாடியோடு பேச வரும், மனிதர்களோடு கொஞ்சம் திணறுவார். தையல்காரர் சுவரோரமாக நின்றார். பெண்தான் கேட்டாள்: "போன தடவை நார்மல்னு போட்டாங்களே?"

சின்ன டாக்டர் காகிதத்தைப் புரட்ட, அக்கா சொன்னார்: "போன தடவை வீடு இடியாம நிக்குதான்னு பாத்தாங்கம்மா. உள்ள கரண்ட் வருதான்னு பாக்கல. வீடு நல்லாத்தான் நிக்குது. கரண்ட்தான் வரல."

"அதேதான்" என்று சின்ன டாக்டர் பிடித்துக்கொண்டார். இதை விரட்டியடிக்க மருந்து இல்லை என்பதை மறைக்காமல் சொன்னார். எந்த மருந்துகளைத் தொடக் கூடாது, இதயத்தை எப்போதெல்லாம் பார்க்க வேண்டும், மரபணுச் சோதனை என்ன சொல்லும், என்ன சொல்லாமலும் போகலாம் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். அலுவலகத்துக்குக் கடிதம் தானே எழுதுவதாகவும் சொன்னார்.

"அப்ப நான் சோம்பேறி இல்ல" என்றாள் பெண். கேள்வியாகச் சொல்லவில்லை.

"இருக்கற கரண்ட்ல நாலு தெரு நடந்திருக்கீங்க" என்றார் சின்ன டாக்டர். "எனக்கு அது எப்படின்னுதான் புரியல."

பார்க்கலாமா என்று அவள் கேட்டாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணாடியை வைத்தார்கள். முதலில் குனிந்தவர் அவளில்லை, அப்பா. சிவப்புச் சாயக் கண்ணாடியில் நெடுநேரம் கண்ணை வைத்திருந்தார். முப்பது வருடம் துணி பார்த்த கண்.

"ஓரம் பிரிஞ்சிருக்கு" என்றார். "ஓரம் அடிக்காத துணி மாதிரி." நிமிரவில்லை. "இத வச்சுக்கிட்டா பாப்பா நீ..."

"விடுப்பா. தள்ளு, நான் பாக்கணும்."

அவள் அடுத்த கண்ணாடியைப் பார்த்தாள். "நீலம் நானு. பழுப்பா இருக்கறது யாரு?"

"ஒப்பிட்டுப் பாக்க வச்சது" என்றார் சின்ன டாக்டர். "அது இல்லன்னா நானே நம்பியிருக்க மாட்டேன்."

"அப்ப அவங்களுக்கு என் சார்பா தேங்க்ஸ் சொல்லிடுங்கக்கா."

பனியக்கா மேலுதட்டை உள்ளே இழுத்தார். ஒரு மூச்சு நேரம் ஆயிற்று.

"சொல்லிடறேன்" என்றார்.

பெண்ணுக்கு மேசை வேலை கிடைத்தது. சொன்ன தேதியில் அக்காவும் ஓய்வு பெற்றார். மாலை போட்டார்கள், கடிகாரம் கொடுத்தார்கள். பேசச் சொன்னபோது, "பெட்டியை மூடி வைங்க, குளிர் போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

பிற்பாடு, தசைகளைச் சேர்த்து வைக்கும் பழைய உறைபெட்டியை மாற்றும்போதுதான், பதிவேட்டிலிருந்த அந்த எண்ணுக்குரிய ஒப்புதல் படிவம் அகப்பட்டது. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தையது. தொடையில் கொழுப்புக் கட்டி எடுக்கப் படுத்த ஒரு பெண், பக்கத்திலிருக்கும் நல்ல தசையில் ஒரு துண்டை ஆய்வுக்கூடத்துக்குத் தரச் சம்மதித்திருந்தாள். வயது முப்பத்தாறு. சம்பளச் சீட்டில் மட்டும் இருந்த அந்தப் பெயர் அதில் இருந்தது. கையெழுத்துக்கு மேல், அறுவை அறைக்கான குறிப்பு என்ற கட்டத்தில், அதே கை எழுதியிருந்தது: "சொட்டும் துணி வேண்டாம். பிழிந்து சுற்றவும்."