செல்லம்மாளின் பிரஷர்

இருபது ஆண்டுகளாக வண்ணார்பேட்டையில் வைத்தியம் பார்க்கிறேன். நோயாளிகளை ஏசுவதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான் என்று நினைத்திருந்தேன். "உப்பைக் குறைங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன்!" என்று நான் அதிகம் கத்தியது சீவலப்பேரி செல்லம்மாளிடம். வயல் வேலைக்குப் போகிறவர். எப்போது பார்த்தாலும் பிரஷர் நூற்று எழுபதில் நிற்கும்.

சென்ற ஆண்டு அவர் ஊரில் மருத்துவ முகாம். எனக்குச் சளி பிடித்து, குரல் கட்டி, முகக்கவசம் போட்டிருந்தேன். என்னை அடையாளம் தெரியாமல் கையை நீட்டினார். நூற்று முப்பதுதான் இருந்தது!

"மாத்திரை யார்ட்ட வாங்குதிய?" என்றேன்.

"வண்ணார்பேட்டை டாக்டர்ட்ட. நல்ல மனுசன்தான். ஆனா எப்பவும் ஏசிக்கிட்டே இருப்பாவ. அவியளப் பாத்தாலே நெஞ்சு படபடன்னு அடிக்கும்."

முகக்கவசத்தை இறக்கினேன்.

"ஆத்தாடி!" என்றார். உடனே மறுபடி பார்த்தேன். நூற்று எழுபது. முகாமே சிரித்தது, கடைசியில் அவரும்.

உப்பை அவர் எப்போதோ குறைத்திருந்தார். நான்தான் நம்பவில்லை.

சில நாள் கருவியைக் கொடுத்து வீட்டிலேயே பிரஷர் பார்க்கச் சொல்லி, அங்கே சரியாக இருந்ததால் மாத்திரையைக் குறைத்தேன். இப்போது நடவு முடிந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் கருவியைக் கட்டுகிறேன்.

போன வாரம் கேட்டார்: "இம்புட்டு கத்துனியளே, ஒங்க பிரஷர யாரு பாக்கா?"

யாரும் பார்த்ததில்லை. அவர் முன்னாலேயே கட்டிப் பார்த்தேன். எவ்வளவு என்று சொல்ல மாட்டேன்.

"ஊறுகா ரொம்ப சாப்பிடுதியளோ? பயப்படாதிய, பைய எறங்கிரும்."

ஏசவே இல்லை. அன்றிலிருந்து நான் ஊறுகாயைத் தொடவில்லை.