மூடி போட்ட கூடை

எங்கள் வீட்டில் உயர்நிலைப் பள்ளியில் ஐந்தாம் பாரம் வரை படித்த முதல் ஆள் நான். இதை அறியாதவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் யாரும் இல்லை. நானே எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தேன். எழுபதுகளின் கடைசி அது. தோட்டத்து ஆபீசில் தட்டச்சு வேலை ஒன்று காலியானது. கேட்கப் போனேன். தோட்டத்தை நிர்வகித்த துரை தட்டச்சைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"கொழுந்து மழையில் நனைந்து வருகிறது. நீ படித்த பெண்தானே, கூடைக்கு ஒரு வழி சொல். நன்றாக வந்தால் வேலை உனக்கு" என்றார் ஆங்கிலத்தில்.

மறுநாளே வரைந்துவிட்டேன். கூடைக்கு மூடி. ஒரு பக்கம் கீல், மறுபக்கம் கொக்கி. அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, மூன்று நிறப் பென்சிலால் தீட்டினேன்.

அம்மா எட்டிப் பார்த்து, "என்னாடி அது, பீரோவா?" என்றாள்.

அம்மா இருபது வருடமாகக் கொழுந்து பறிப்பவள்தான். ஆனால் அவளுக்கு அளவுகோல் பிடிக்கத் தெரியாதே என்று நினைத்தேன்.

பிரிஞ்சாங் டவுனில் கூடை முடைபவர் என் படத்தைப் பார்த்து ஆறு கூடை செய்துகொடுத்தார். திங்கட்கிழமை நானே மலைக்குப் போய் ஆறு பெண்களுக்கு மாட்டிவிட்டேன். முதல் கூடை அம்மாவுக்கு.

கொழுந்து பறிப்பவர்கள் கூடையைப் பார்ப்பதே இல்லை. இரண்டு கையாலும் பறிப்பார்கள். பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுவார்கள். அது போய்க் கூடைக்குள் விழும். கூடை வீட்டுக்கு வருவதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். கொழுந்து கூடைக்குள் போவதை ஒரு நாளும் பார்த்ததில்லை.

அம்மா வீசிய முதல் பிடி மூடியில் பட்டு அவள் சட்டைக்குள்ளேயே இறங்கியது.

"மூடியத் தொறந்துட்டுப் போடணும்மா" என்றேன்.

"எந்தக் கையால? ரெண்டும் செடியில இருக்கு. வேணும்னா நீ பின்னாடி நின்னு கதவு தொறந்து விடு லா."

பக்கத்து நிரையில் எங்கள் அடுத்த வீட்டு அத்தை இருந்தாள். "படிச்ச புள்ள கூடைக்கு வாசக்கதவு வச்சிருக்கு. பூட்டு சாவி எங்கம்மா?" என்றாள். மலை முழுக்கச் சிரித்தது.

அடுத்த வாரம் துரை பார்க்க வந்தபோது ஆறில் ஒன்றுகூட மலையில் இல்லை. அவர் லயத்துக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். அத்தை வீட்டில் கூடைக்குள் முட்டைக் கோழி இருந்தது, கொக்கி மாட்டிய நிலையில். எங்கள் வீட்டில் கருவாடு.

"துரை, கூடை ரொம்ப பாகுஸ் லா!" என்றாள் அத்தை, நல்லது என்பதை மலாயில். "பூனை, எலி, ஒண்ணும் தொறக்க முடியல. எனக்கு இன்னொண்ணு வேணும்."

துரை என் பக்கம் திரும்பி, "இது வெற்றியா, தோல்வியா?" என்று கேட்டார்.

வேலை கையை விட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன். "கோழிக்கு வெற்றி. பறிப்பவர்களை நான் கேட்கவே இல்லை" என்றேன்.

"அப்படியானால் ஒரு மாதம் போய்க் கேட்டு வா. கூடை மாட்டிக்கொண்டு."

முதல் நாள் நான் வீசியதில் பாதி அத்தையின் தலையில் விழுந்தது. "இன்னிக்கு மழை பச்சையா பெய்யுது லா" என்றாள். மூன்றாம் நாள் தலையில் மாட்டிய கூடைக் கயிறு என் நெற்றியை அறுத்தது. மற்றவர்கள் எல்லோரும் நெற்றியில் பழைய துண்டை மடித்து வைத்திருந்தார்கள். அது குளிருக்கு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மாதக் கடைசியில் துரையிடம் போனேன். "கயிற்றுக்குப் பதில் நான்கு விரல் அகலத்தில் பட்டை வேண்டும். உள்பக்கம் துணி."

"மழைக்கு?"

"மழையைப் பற்றி நீங்கள் மட்டும்தான் கேட்டீர்கள், துரை."

துரை பேனாவை எடுத்தார். பிறகு பட்டைக்கு ஒரு கையெழுத்து, என் வேலைக்கு ஒரு கையெழுத்து போட்டார்.

ஆபீஸ் நாற்காலி நெட்டையான ஆளுக்குச் செய்தது. உட்கார்ந்தால் என் கால் தரைக்கு எட்டவில்லை. சொல்ல கௌரவம் விடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வெளியே நின்றவர்களைக் கூப்பிட்டாள்.

"வந்து பாருங்கடி, எம்மவ ஊஞ்சல் ஆடுறா!"