பொழுது சாய்வதற்குள் ஒரு காபி

போன சனிக்கிழமை மாலை சன்னதித் தெருப் பக்கம் ஒரு காபிக் கடையில் பத்மாவதி அக்காவுக்காகக் காத்திருந்தேன். நேரம் தவறாதவரைக் காணோம் என்றதும், வழியில் எந்த ஆட்டோக்காரரிடமோ நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்போது பெங்களூரிலிருந்து அவர் மகன் பேசினான். "ஆன்ட்டி, மத்தியானம் படுத்தவங்க எழுந்திருக்கல. பக்கத்து வீட்ல இப்பதான் சொன்னாங்க." நான் போனை வைப்பதற்குள் கடைக்காரர் வழக்கம்போல் இரண்டு காபியை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அக்காவின் குரலை நினைவூட்ட வேண்டியதில்லை. அடுத்த மாடி வரை கேட்ட குரல். ஓய்வு பெற்ற பின் அவருக்கு வந்த ஆசைதான் பலருக்குத் தெரியாது. ஊரில் உள்ள சின்னச் சின்னக் காபிக் கடைகளில் எல்லாம் ஒரு தடவையாவது உட்கார்ந்து குடித்துவிட வேண்டும். "சர்வீஸ் பூரா பிளாஸ்க்ல வந்ததத்தான் குடிச்சேன் சரளா. அது எங்கேர்ந்து வருதுன்னு ஒரு நாளும் போய்ப் பாக்கல" என்றார்.

முதலில் போன கடையில் எல்லோரும் ஆண்கள். அக்கா உட்கார இடம் தேடினார். "லேடீஸ் யாரும் வர மாட்டாங்கம்மா" என்றார் முதலாளி. "வந்துட்டமே" என்றார் அக்கா. பெஞ்சில் இருந்த நான்கைந்து பேர், ஆய்வுக்கு மேலதிகாரி வந்ததுபோல் டம்ளரோடு எழுந்து நின்றார்கள். நாங்கள் குடித்து முடிக்கும்வரை ஒருவரும் உட்காரவில்லை.

அக்கா தமிழ்ச் சமணர், நயினார் குடும்பம். பொழுது சாய்ந்தால் தண்ணீர் தவிர எதையும் தொடமாட்டார். நம் ஊரிலோ மலை மேற்கே நிற்கிறது. மற்ற ஊர்களைவிட முன்னதாகவே இங்கே வெயில் போய்விடும். ஒரு நாள் காபி கைக்கு வரவும் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கவும் சரியாக இருந்தது.

"பின்னாடிதான் இருக்குது, குடிங்கக்கா" என்றேன்.

"ஸ்தலத்துல போய்ப் பாக்காம ஒரு ரிப்போர்ட்லயும் நான் கையெழுத்துப் போட்டதில்ல" என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆட்டோவை நிறுத்தினார்.

"எங்கம்மா போகணும்?"

"சூரியன் தெரியற எடத்துக்கு."

ஓட்டுநர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். மலையைச் சுற்றிக்கொண்டு செங்கம் சாலையில் போனோம். அங்கே ஒரு கொட்டகைக் கடையில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா சூரியனைப் பார்த்து நின்றபடியே ஒரு காபி குடித்தார். பதவி உயர்வு உத்தரவு வந்த அன்றுகூட அவர் முகத்தில் அவ்வளவு திருப்தியை நான் பார்த்ததில்லை. ஆட்டோக்காரரும் ஒன்று குடித்தார்.

இடையில் மகன் பிடிவாதமாகப் பெங்களூருக்கு அழைத்துப் போனான். மாதம் முடிவதற்குள் திரும்பிவிட்டார். "காபி கேட்டா பேரக் கேக்கறாங்க. நான் என்னா, பட்டா மாத்தவா போனேன்?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: "அங்க யாரும் எங்கிட்ட சண்ட போட மாட்டேங்கறாங்க சரளா. பயமா இருந்திச்சு." அந்தக் குரல் தணிந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

வேங்கிக்காலில் சென்னையிலிருந்து வந்த இளம் தம்பதி ஒரு காபிக் கடை திறந்திருந்தார்கள். அழகான கடை, ஆள்தான் இல்லை. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லால்லம்மா" என்றார். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. "என்னாங்க தப்பு?" என்று கணவர் சற்றுக் கோபமாகவே கேட்டார். "தெரியலப்பா. நாளைக்கி வந்து சொல்றேன்."

மறுநாளும் போனோம். இந்த முறை டம்ளரை வெகுநேரம் முகர்ந்து பார்த்துவிட்டு, "வெங்காயம்" என்றார். காபியில் வெங்காயமா என்று நானே சிரித்துவிட்டேன். ஆனால் வெங்காயமே நுழையாத வீட்டில் வளர்ந்த மூக்கு அது. குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தால், சாண்ட்விச்சுக்கு நறுக்கிய வெங்காயம் ஒரு தட்டில் திறந்தபடி இருந்தது. பக்கத்திலேயே மூடியில்லாத பால் பாத்திரம்.

இப்போது அந்தக் கடையில் மாலையில் இடம் கிடைப்பதில்லை. ஆனால் அக்கா போன மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கடையை மூடிவிட்டு இருவரும் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எல்லாரும் சூப்பர்னு சொல்லிட்டுப் போனாங்க, திரும்ப வரல. அம்மாதான் நல்லால்லன்னு சொல்லிட்டு மறுநாளும் வந்தாங்க" என்றாள்.

எனக்கு அவர் விட்டுப்போனதும் அதுதான் என்று நினைக்கிறேன். யார் எதைக் கொடுத்தாலும் 'நல்லாருக்கு' என்று சொல்லியே பழகியவள் நான். நேற்றுப் பெரிய தெருவில் ஒரு கடைக்குத் தனியாகப் போனேன். காபி தண்ணியாக இருந்தது. "நல்லால்லங்க" என்றேன். மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டம்ளரை எடுத்துப்போய் வேறொன்று கொண்டுவந்து வைத்தார்.

அதுவும் சுமார்தான். நாளைக்குப் போகிறேன்.