ரெண்டு நூல்

கதவு ஓடும் தண்டவாளத்தின் பள்ளத்தில் ஒரு பழைய பல் பிரஷ் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. மணல் வந்தது, கொத்தனார் விட்டுப்போன சிமெண்டுப் பொடி வந்தது, காய்ந்து சுருண்ட திராட்சை இலைத் துணுக்கு ஒன்று வந்தது. பிரஷ்ஷுக்கு வராததை விரல் நகம் எடுத்தது. பள்ளம் முழுக்கச் சுத்தமானதும் அந்தக் கைகள் டேப்பை இழுத்து, மடக்குக் கதவின் சட்டத்தை மேலே ஒரு முறை, நடுவில் ஒரு முறை, கீழே ஒரு முறை அளந்தன. மூன்று அளவும் ஒன்றாக இல்லை. எந்த வீட்டிலும் இருப்பதில்லை.

"மேல இருக்கறதுக்குக் கீழ ஒரு நூல் ஒடுக்கம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு வீரணன் எழுந்தார். எழும்போது ஒரு கை இடுப்புக்கும் இன்னொரு கை பிடரிக்கும் போனது.

சுருளிப்பட்டியில் முத்துப்பாண்டி வீட்டுக்கு அந்தக் கதவைப் போட்டவரும் அவர்தான். கூடத்தின் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. ஐந்து மடிப்பு. தள்ளினால் மடங்கி மடங்கி ஓரத்தில் போய் ஒதுங்கிக்கொள்ளும். வெளியே தாழ்வாரம், அதைத் தாண்டிப் பன்னீர் திராட்சைப் பந்தல், அதையும் தாண்டினால் கேரளத்து மலை. வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று முத்துப்பாண்டி ஆசைப்பட்டுப் போட்ட கதவு. பால் காய்ச்சிக் குடிவந்து ஒரு வருடம் ஆகவில்லை. பந்தல் கம்பியை இழுத்துக் கட்டும்போது கல்தூண் ஒன்று சாய்ந்து அவன் பிடரியில் விழுந்தது. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு கட்டிலைக் கூடத்தில்தான் போட முடிந்தது. ஆசைப்பட்டபடியே இப்போது அவன் நாள் முழுக்கத் தோட்டத்தைப் பார்த்தான். தோட்டத்துக்கு வருகிறவர்களும் அவனைப் பார்த்தார்கள்.

பந்தலுக்குப் போகும் வழி தாழ்வாரத்தை ஒட்டித்தான். கொடியைக் கவாத்து வெட்ட வருகிறவர்கள், காய் பறிக்க வருகிறவர்கள், எல்லோரும் கண்ணாடி முன் ஒரு கணம் நின்று உச்சுக்கொட்டினார்கள். பிற்பகல் வெயில் நேரே முகத்தில் விழுந்தது. அவன் மனைவி பவானி துணித் திரை போட்டுப் பார்த்தாள். கதவைத் திறந்தால் மேல்காற்று அதைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தது. பந்தலுக்கு மருந்தடித்த நாளில் நாற்றம் துணியில் ஏறிக்கொண்டு, துவைத்தாலும் போகவில்லை. இருமித் துப்பக்கூட வலுவில்லாதவனுக்குத் தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முத்துப்பாண்டிக்கு இவையெல்லாம்கூடப் பெரிதில்லை.

"தண்ணிக்குக் கூப்பிடுறேன். பொரண்டு படுக்கக் கூப்பிடுறேன்" என்றான் அவன். "தெரைய இழுக்கவும் கூப்பிடணுமான்னு இருக்குண்ணே. இந்த ஒண்ணயாச்சும் நானே செஞ்சுக்கிட்டாத் தேவல."

வீரணன் தலையை ஆட்டிவிட்டு டேப்பைச் சுருட்டினார். அந்த வார்த்தை மனசில் தங்கிவிட்டது. மற்றவர்கள் பட்டைத் திரை, அதாவது பிளைண்ட்ஸ், கேட்டால் அழகு கேட்பார்கள், நிறம் கேட்பார்கள். இவன் கேட்டது வேறு.

வீரணன் உத்தமபாளையத்தில் ஒரு மரப்பட்டறையில் இழைப்புளி பிடித்து வளர்ந்தவர். மர ஜன்னல் கேட்பவர்கள் குறைந்து அலுமினியம் கேட்பவர்கள் கூடியபோது, யாரோ கழற்றிப் போட்ட ஸ்லைடிங் ஜன்னல் ஒன்றை வாங்கி வந்து, திருகு திருகாகப் பிரித்து, மறுபடி சேர்த்துப் பார்த்துத் தொழிலைப் பிடித்துக்கொண்டார். பொருள் மாறியது, பேச்சு மாறவில்லை. மரப்பட்டறையில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். இன்றைக்கும் அவருக்கு அதுதான் கணக்கு. டேப்பின் மறு ஓரத்தில் மில்லிமீட்டர் இருந்தது. அதைப் பார்க்கத் தெரியாமல் இல்லை. அதில் அளந்தால் அளவு கைக்குப் புரிவதில்லை என்பார். இத்தனை வருடம் கண்ணாடி சுமந்ததில் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. தலையணை இல்லாமல்தான் படுக்கிறார். இனிப் பெரிய கண்ணாடி எடுப்பதில்லை என்று போன வருடமும் சொன்னார், அதற்கு முந்திய வருடமும் சொன்னார்.

அடுத்த முறை வரும்போது ஒரு மாதிரித் துண்டு கொண்டுவந்தார். கூட வந்தவர் சுருளியாண்டி, கண்ணாடியின் மறு முனையைப் பல வருடமாகப் பிடித்துவரும் கூட்டாளி. மாதிரியில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய அலுமினியப் பட்டைகள். காற்றுப் புகாமல் சுற்றிலும் அடைத்திருந்தது. வெளியே கண்ணாடிமேல் ஒரு காந்தக் குமிழ். அதைக் கீழே இழுத்தால், உள்ளே இருக்கும் இன்னொரு காந்தம் கூடவே இறங்கிப் பட்டைகளைச் சாய்த்து மூடியது. மேலே தள்ளினால் பட்டைகள் படுத்து, இடுக்கு வழியே வெளி தெரிந்தது.

"ஊறுகாய பாட்டில்ல போட்டு மூடுன மாதிரி இருக்கு மாப்ளே" என்றார் சுருளியாண்டி.

"ரிமோட் வச்சது இருக்காமேண்ணே?" என்று பவானி கேட்டாள்.

முத்துப்பாண்டி படுத்தபடியே சொன்னான். "டிவி ரிமோட்டு கட்டிலுக்கு அடியில கெடக்கு. காலையிலருந்து கெடக்கு. அத எடுத்துக் குடுக்க ஒரு ஆளக் கூப்பிடணும். கண்ணாடியிலயே ஒட்டியிருக்கறதாப் போடுங்க."

"மடியிற கதவுல ஒயரும் தாங்காது ஆத்தா" என்றார் வீரணன். "மடிச்சு மடிச்சு அத்துப்போகும். குமிழ்ல தடிச்சது ஒண்ணு, மெல்லிசு ஒண்ணு இருக்கு. தடிச்சது போட்டா மடிக்கையில ஒண்ணோட ஒண்ணு இடிக்கும்."

"மடிக்காம முடியாதுண்ணே. சாயங்காலம் அவுகள கட்டிலோட தாழ்வாரத்துக்குத் தள்ளிட்டுப் போறேன். வெளிக்காத்துப் பட்டாத்தான் அவுக சோறே திங்கிறாக."

"அப்ப மெல்லிசு."

நிறத்துக்குத்தான் நேரம் பிடித்தது. பவானிக்குத் திராட்சை இலைப் பச்சை பிடித்தது. வெள்ளை வெயிலைத் திருப்பும், ஆனால் இடுக்கு வழியே பார்க்கும்போது கண் கூசும் என்றார் வீரணன். "எந்தக் கலரா இருந்தா என்ன, நான் பாக்கப்போறது அதுக்கு அங்கிட்டு" என்றான் முத்துப்பாண்டி. கடைசியில் சாம்பல் நிறம் என்று முடிவானது.

"கை எட்டுமா தம்பி?"

முத்துப்பாண்டி வலது கையைப் போர்வையிலிருந்து எடுத்து நீட்டினான். கை மெதுவாக வந்தது, ஆனாலும் கண்ணாடியைத் தொட்டது. வீரணன் அந்த இடத்தில் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டார். கட்டில் பக்கத்துக் கண்ணாடியில் மட்டும் குமிழ் இங்கே வரவேண்டும் என்று இரண்டு முறை சொல்லிக்கொண்டார்.

கண்ணாடி செய்துதரும் கம்பெனி கோயம்புத்தூரில். ஆர்டர் எடுக்கும் ஜெபா என்ற பெண்ணிடம் எல்லா அளவையும் போனில் சொன்னார். கடைசியாக, ஓரத்து ரப்பருக்கு இடம் வேண்டுமே என்று ஒன்று சேர்த்துக்கொண்டார்.

"அஞ்சு கண்ணாடியிலயும் ரெண்டு நூல் கொறச்சிருங்கம்மா."

"நூல் கொறைக்கோணுங்களா? வழக்கமா நாலு வருமுங்க."

"நாலு வேணாம். நாலு கொறச்சா லொடலொடன்னு ஆடும்."

"அப்ப ரெண்டு போதும்ங்கறீங்க."

"ரெண்டே போதும்."

"ரெண்டுல நிக்குமுங்களா சார்?"

"மாட்டப்போறது நாங்கதானம்மா. அதெல்லாம் நிக்கும்."

வைகாசிக் கடைசியில் கண்ணாடி வந்து இறங்கியது. வண்டியிலிருந்து கூடத்துக்கு ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தபோது வீரணனுக்குக் கழுத்திலிருந்து கைவரை மின்சாரம் போல ஓடியது. பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதல் கண்ணாடியைச் சட்டத்தில் வைத்தார்கள். இடது ஓரம் உட்கார்ந்தது. வலது ஓரம் இடித்தது. திருப்பி வைத்தும் இடித்தது.

"எம்புட்டு இடிக்குது?" என்றார் சுருளியாண்டி.

வீரணன் அளந்தார். மறுபடி அளந்தார்.

"மாப்ளே, இன்னொண்ணும் இருக்குய்யா. பட்டையெல்லாம் நடுவுல தொங்குது பாரு. கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி."

வீரணன் தாழ்வாரத்துக்குப் போய் ஜெபாவுக்குப் போன் போட்டார். அந்தப் பெண் பதறாமல் சொன்னாள். பட்டைகளைத் தாங்கிப் பிடிப்பது நாலு நூல். சார் ரெண்டு போதும் என்றதால் ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு மட்டும் போட்டிருக்கிறார்கள். அகலத்தைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

"நூல்னா கயிறுதானுங்களே சார்?"

அவர் காதில் போனை வைத்தபடி பந்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கேட்டதில் தப்பில்லை. அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் சூட்டில் பதம் போட்ட கண்ணாடியை ஒரு நூல்கூட வெட்ட முடியாது. உளி பட்டால் மொத்தமும் பொடியாகிவிடும். ஐந்தையும் திருப்பி அனுப்ப வேண்டும். திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டும். அதைப் போய்க் கட்டிலில் கிடப்பவனிடம் சொல்ல வேண்டும்.

சொல்ல அவசியம் இருக்கவில்லை. கதவு திறந்தே இருந்ததால் முத்துப்பாண்டிக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"மூணு தடவ அளந்தீகளேண்ணே" என்றாள் பவானி. கோபம் குரலில் இல்லை. அலுப்புத்தான் இருந்தது.

"அளவு சரிதான் ஆத்தா. என் வாயிதான்."

"விடு பவானி" என்றான் முத்துப்பாண்டி. "நான் எங்கயும் போயிறப்போறதில்ல."

அன்றைக்குக் கிளம்புமுன் வீரணன் பழைய கண்ணாடியைத் திரும்ப மாட்டி, புதுக் கண்ணாடி வந்த அட்டைகளை வெட்டிக் கட்டில் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனார். வெயில் நின்றது. தோட்டமும் மறைந்தது. மறுநாள் காலையிலேயே அவன் பவானியைக் கூப்பிட்டு அதை எடுக்கச் சொன்னான். வெயிலே பரவாயில்லை என்றான்.

இரண்டாம் முறை வீரணன் டேப்பைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். மில்லிமீட்டரில் சொன்னார். ஜெபா ஒவ்வொன்றையும் திருப்பிப் படித்தாள்.

"நூல்ங்கற பேச்சே வேண்டாமுங்க சார்."

"இனிமே வாயத் தொறக்கமாட்டேம்மா."

ஆடியில் கண்ணாடி வந்தது. காற்று ஓயாமல் அடித்த ஒரு நாள், சுருளியாண்டி ஒரு முனையும் வீரணன் ஒரு முனையுமாக, கண்ணாடி கப்பல்பாய் போலக் காற்றில் இழுத்துக்கொண்டு போய்விடுமோ என்று பயந்து பயந்து தூக்கினார்கள். சட்டத்தில் வைத்ததும் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. இரண்டாவதும் உட்கார்ந்தது. ரப்பரை ஓரம் ஓரமாக அழுத்தி முடிக்கப் பிற்பகல் ஆகிவிட்டது. வீரணன் ஐந்து மடிப்பையும் மடித்துப் பார்த்தார். இடிக்கவில்லை. குமிழ்களை இழுத்தார். பட்டைகள் ஒரே கோடாகச் சாய்ந்து நிமிர்ந்தன. அவர் முகத்தில் சந்தோஷம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. முடிந்தது என்பது மட்டும் தெரிந்தது.

"தம்பி, நீங்க ஒருக்கா இழுத்துப் பாருங்க."

முத்துப்பாண்டி கையை நீட்டினான். பென்சில் கோடு போட்ட அதே இடத்துக்குக் கை வந்தது. விரல்கள் குமிழின் மேல் படிந்தன. படிந்து, வழுக்கி, கீழே விழுந்தன. மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தன.

"எட்டுதுல்ல?"

"எட்டுதுண்ணே. பிடிக்க வரல."

பவானி மெதுவாகச் சொன்னாள். "வெரலு மடங்காதுண்ணே. அன்னைக்குக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

"இந்தக் கண்ணாடி வர்றதுக்குள்ள மடங்கிரும்னு நெனச்சேன்" என்றான் முத்துப்பாண்டி. "டாக்டரும் அப்படித்தான் சொன்னாக."

வீரணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். எட்டுமா என்று கேட்டவர் பிடிக்க வருமா என்று கேட்கவில்லை. தடித்த குமிழ் போட்டால் கதவு மடியாது. மடியாவிட்டால் இவன் சாயங்காலம் வெளியே போக முடியாது. பிடரியைத் தேய்த்துக்கொண்டு அந்தச் சின்னக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்துப்பாண்டி புறங்கையால் குமிழை மேலே தள்ளிப் பார்த்தான். அது ஏறியது. பட்டைகள் திறந்தன.

"ஏத்தம் வருது" என்றான். "எறக்கந்தான் வரல." சற்று நேரம் வெளியே பந்தலைப் பார்த்தான். பிறகு சொன்னான். "பவானி, அங்கன தாழ்வாரத்துல கொடி கட்டுற நூலு உருண்ட கெடக்கும் பாரு. எடுத்தா. அண்ணே, குமிழுக்குக் கழுத்து மாதிரி ஒரு பள்ளம் இருக்குல்ல? அதுல ஒரு கண்ணி போடுங்க. கொடியக் கம்பியில கட்டுற மாதிரி. கம்பிப் பக்கம் இறுக்கம், கொடிப் பக்கம் லூசு."

வீரணனுக்கு அந்த முடிச்சு தெரியாது. இரண்டு முறை போட்டார், இரண்டு முறையும் இரு பக்கமும் இறுகியது. "அப்படி இல்லண்ணே, இங்கன கொண்டாங்க" என்று பவானி வாங்கி, இரண்டு சுற்றுச் சுற்றி ஒரே இழுப்பில் முடித்தாள். கண்ணி தளர்வாக, விரல் நுழையும் அகலத்தில் தொங்கியது. சாய்த்து இழுத்தால் காந்தம் கழன்றுவிடும், இழுப்பு நேராக விழவேண்டும். வீரணன் முடிச்சைக் குமிழின் அடியில் நடுவாக நகர்த்தி, எட்ட நின்று பார்த்து, மறுபடி நகர்த்தினார்.

"இன்னும் ரெண்டு நூல் எறக்கிக் கட்டுங்க" என்றான் முத்துப்பாண்டி.

"எந்த நூல்யா? தெளிவாச் சொல்லு" என்றார் சுருளியாண்டி. "இந்த ஆளு கோயம்புத்தூருக்குப் போனப் போட்டுறப் போறாரு."

பவானி வாயைப் பொத்திக்கொண்டாள். முத்துப்பாண்டியின் வயிறு போர்வைக்குள் குலுங்கியது. வீரணனும் சிரிக்கப் பார்த்தார், கழுத்து விடவில்லை. முடிச்சை அவிழ்த்துக் கால் இஞ்சு இறக்கிக் கட்டினார். கதவை ஒரு முறை மடித்துப் பார்த்தார். நூல் கண்ணாடியோடு படிந்துகொண்டது, எங்கும் இடிக்கவில்லை. கதவைத் திரும்ப விரித்து, கட்டில் பக்கம் குனிந்து, முத்துப்பாண்டியின் கையைத் தூக்கி, கண்ணியை அவன் நடுவிரலில் மாட்டிவிட்டார்.

வெளியே மருந்து டிரம்மைத் தலையில் வைத்தபடி ஒரு பெண் பந்தல் வழியாக வந்துகொண்டிருந்தாள்.

"இந்தாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வீரணன் தன் கையை எடுத்துக்கொண்டார்.

கண்ணி இறுகியது. குமிழ் இறங்கியது. சாம்பல் பட்டைகள் மேலிருந்து கீழ்வரை ஒன்றாகச் சாய்ந்து மூடின.