தேக்கு அலமாரிக்குள் என் கணவர்

போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது. ராயபுரத்தில் பழைய மரச்சாமான் விற்கும் ஒரு கிடங்கில் நடந்தது. என் கணவருக்குப் பழைய தேக்கு என்றால் உயிர். புதுசாக ஒரு ஸ்டூல் வாங்கக்கூட மனசு வராது. வண்ணாரப்பேட்டையில் எனக்குப் புடவை எடுக்கக் கிளம்பினாலும், ஸ்கூட்டர் எப்படியோ ஏதாவதொரு காயலான் கடை வாசலில்தான் போய் நிற்கும். நானும் திட்டிக்கொண்டே கூடப் போவேன். பேரம் பேச நான்தானே வேண்டும்!

அன்று ஆளுயர அலமாரி ஒன்று கண்ணில் பட்டது. கோட்டு மாட்டுகிற வகை, உள்ளே தட்டு கிடையாது. கதவு முழுக்கத் திராட்சைக்கொடிச் செதுக்கல். இவர் நகத்தால் லேசாகச் சுரண்டியதற்கே கடைக்காரர், "கீறாத சார், பாலிஷ் பூடும்" என்று சீறினார். விலையிலும் இம்மி இறங்கவில்லை. சரியான கறார் பேர்வழி என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் போன் வர, அவர் வாசல் பக்கம் போனார்.

இவருக்கு ஒரு பழக்கம். அலமாரி வாங்கும் முன் உள்ளே ஏறி நின்று கதவைச் சாத்தச் சொல்வார். பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் இருட்டில் வெளிச்சப் புள்ளி தெரியுமாம். ஏறி நின்று "சாத்து" என்றார். சாத்தினேன். 'டக்'கென்று ஒரு சத்தம்.

மூடினால் தானாகவே பூட்டிக்கொள்கிற அந்தக் காலத்துப் பூட்டு. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. "விளையாடாத, திற" என்றார் உள்ளிருந்து. இவருக்கு ஆஸ்துமா. மூச்சுக்கு அடிக்கிற பம்பு என் கைப்பையில் இருந்தது.

என் கூச்சல் கேட்டுக் கடைக்காரர் ஓடி வந்தார். "ஐயய்யோ, இதுக்கு சாவியே கெடையாதும்மா!" ஒரு கொத்துச் சாவியை எடுத்து ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். ஒன்றும் சேரவில்லை. உள்ளே ஒரே இருமல். பிறகு கதவைத் தட்டும் சத்தம். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. கூப்பிட்டேன், கூப்பிட்டேன், பதிலே இல்லை. அப்போது நான் வேண்டாத சாமி இல்லை.

கடைக்காரர் சாவிக்கொத்தை வீசி எறிந்தார். கடப்பாரையோடு வந்து, "சார், பின்னால சாஞ்சிக்கோ!" என்று கத்திக்கொண்டே பூட்டோரம் குத்தி நெம்பினார். செதுக்கல் கதவு இரண்டாகப் பிளந்தது. இவர் வியர்வையில் நனைந்து, உதடு நீலம் பாரித்து, என் மேல் சரிந்தார். பம்பை வாயில் வைத்து அழுத்தினேன்.

கொஞ்சம் தெளிந்ததும் மனுஷன் முதலில் என்ன சொன்னார் தெரியுமா? "ஒரு ஓட்டைகூட இல்லடி." அழுவதா அறைவதா என்று தெரியவில்லை. அழுதுகொண்டே முதுகில் ஒன்று வைத்தேன்.

கடைக்காரர் சோடா வாங்கி வந்து கொடுத்தார். கதவுக்கு என்ன தரட்டும் என்று கேட்டேன். "அத்த வுடும்மா. கதவு வேற போட்டுக்கலாம். வண்டி இங்கயே இருக்கட்டும், மொதல்ல சார ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ" என்று ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார்.

இவருடைய தேக்கு வேட்டை இன்னும் நிற்கவில்லை. ஆனால் இவர் குளியலறைக் கதவைச் சாத்தினால்கூட, நான் வெளியே நின்று "என்னங்க?" என்று குரல் கொடுக்கிறேன். எரிச்சல்படாமல் "இருக்கேன்" என்கிறார். எந்தச் சாமானும் இல்லாமல் இருந்துவிடலாம், அந்த ஒரு வார்த்தை இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.