தூரான் கேட்டு வாங்கிய மூக்கு

தெஹ்ரானின் ஜவாதியேப் பக்கம் நான் மினிபஸ் ஓட்டிய நாட்களில், என்னை யாருக்கும் பெயர் சொல்லித் தெரியாது. பெண்களுக்கு நூல் போட்டு முகம் திருத்தும் தூரானின் புருஷன் என்றால் தெரியும். அவளுக்கு நல்ல உயரம், கணீர்க் குரல், நடுவில் மேடு தட்டிய பெரிய மூக்கு. கல்யாணப் பெண்கள் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, "என் மூக்கு இப்படி இருக்கே" என்று அழுதால், "என்னோடதைப் பாரு. இதை வச்சுத்தானே இந்தத் தெருவையே மிரட்டுறேன்?" என்பாள். அழுதவள் சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்புச் சத்தம் வண்டி நிறுத்தம் வரை கேட்கும். இப்போது நினைத்தாலும் நன்றாக இருக்கிறது.

ஈராக்கோடு நடந்த போர் முடிந்து ஏழெட்டு வருடம் இருக்கும். ஸ்பிரிங் அறுந்து கடை ஷட்டர் அவள் முகத்தில் விழுந்தது. மேடு உள்ளே அமுங்கி, ஒரு பக்கத்து மூச்சும் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அந்தக் கட்டோடு தெருவில் இறங்கினால், பார்க்கிறவர்கள் எல்லாம் வாழ்த்துகிறார்கள். மூக்கில் கட்டு என்றால் எங்கள் ஊரில் அழகுக்குச் செய்த ஆபரேஷன் என்றுதான் அர்த்தம்.

"முபாரக், தூரான் கானும்! எந்த டாக்டர்?" என்று மரியாதையாகக் 'கானும்' போட்டுக் கேட்டபடி எதிர்வீட்டு எஃபத் ஓடிவந்தாள்.

"ஷட்டர் டாக்டர்" என்றாள் தூரான்.

வீக்கம் வடிந்ததும் ஊரின் வடக்கே பெரிய டாக்டரிடம் போனோம். "உள்ளே வெட்டியே செஞ்சுடலாம். வெளியே கோடே தெரியாது. அடைப்பைச் சரிபண்ணி, மிச்ச எலும்பையும் ராவிட்டா பொம்மை மாதிரி ஆயிடும்" என்றார்.

"எனக்குப் பழைய மேடு வேணும்."

அவர் சிரித்தார். "கானும், மேட்டை எடுக்கத்தான் என்கிட்ட வருவாங்க. வைக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை."

இன்னொரு டாக்டர் சிரிக்கவில்லை. "அப்படின்னா திறந்துதான் செய்யணும். ரெண்டு துளைக்கும் நடுவுல வெட்டி, தோலைத் தூக்கிப் பார்த்து, காதுலேருந்து குருத்தெலும்பு எடுத்து அடுக்கணும். சின்னக் கோடு இருக்கும். வீக்கம் முழுசா வடிய ஒரு வருஷம் ஆகும். அப்பவும் அச்சு அசலா பழைய மாதிரி வராது" என்றார்.

திரும்பும் வழியில் வண்டியிலேயே சண்டை. நான் முதல் டாக்டர் கட்சி.

"ஊரே பொம்மை மூக்குக்கு அலையுது. உனக்குத் தானா வந்திருக்கு, வேண்டாங்கறே. மூச்சு வந்தாப் போதாதா?"

"யதுல்லா, நீ ரோட்டைப் பாரு." சிக்னலில் வண்டி நின்றதும் என் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்: "நஸ்தரன் கண்ணாடி முன்னால நின்னு மூக்கை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறா. நம்ம மூக்கு நல்ல மூக்குடின்னு பதினாலு வருஷமா அவகிட்டச் சொல்லிட்டிருக்கேன். நான் ராவிட்டு வந்து நின்னா, எந்த முகத்தோட அதைத் திரும்பச் சொல்றது?"

எங்கள் மகள் நஸ்தரனுக்கு அப்படியே அம்மாவின் மூக்கு. மறுநாள் நானே இரண்டாவது டாக்டரிடம் நாள் வாங்கி வந்தேன்.

திறந்துதான் செய்தார்கள். கட்டுப் பிரித்த அன்று எஃபத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, பாழாக்கிட்டானே! காசைத் திருப்பிக் கேளு!"

"கேட்டதைத்தான் கொடுத்திருக்கான். நீ டீயைக் குடி."

நஸ்தரன் பக்கவாட்டில் நின்று வெகுநேரம் பார்த்தாள். "கொஞ்சம் கோணல்மா" என்றாள். அன்று மாலை ரொட்டிக்கடை வரிசையில் அம்மாவின் கையைக் கோத்துக்கொண்டு நின்றாள். வழக்கமாக மூக்கை மறைக்க இழுத்துவிடும் முக்காட்டை அன்று இழுக்கவில்லை.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். படிப்பு முடிந்த வருஷம் நஸ்தரனே வந்து கேட்டாள். "அம்மா, நான் பண்ணிக்கிட்டா கோவிச்சுக்குவியா?"

தூரான் நூலைப் பல்லில் கடித்தபடியே யோசித்தாள். "அசிங்கம்னு நினைச்சுப் பண்றியா, ஆசைப்பட்டுப் பண்றியா?"

"ஆசைதான்மா. அசிங்கம்னு நினைச்சிருந்தா உன் கட்டுப் பிரிச்ச அன்னைக்கே அழுதிருப்பேன்."

"அப்போ போ. ரெண்டு டாக்டரைக் கேட்டுட்டு ஆபரேஷனுக்குப் படு."

நஸ்தரன் உள்வெட்டு முறையைத் தேர்ந்தெடுத்தாள். கட்டுப் பிரிக்கும் வரை வீக்கம் வடிய அன்னாசிச் சாறு பிழிந்து கொடுத்தது அவள் அம்மாதான்.

இப்போது ஷிராஸில் இருக்கிறாள். புத்தாண்டுக்கு வரும்போது, கதவைத் திறக்கும் எனக்கு ஒரு கணம் யாரோ என்று இருக்கும். தூரானுக்கு அப்படி இல்லை. முன்பெல்லாம் கரண்ட் போனால் விளக்கைச் சுற்றி உட்காருவோம். சுவரில் அம்மாவும் மகளுமாக ஒரே மாதிரி இரண்டு மூக்கு நிழல்கள் விழும். அதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆசையாக இருக்கிறது.